டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: திருவான்மியூரில் ஒரு விளையாட்டுக் குழு ஆரம்பிக்க என்னென்ன வேணும்? முழு விளக்கம்

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு அந்த முதல் எபிசோடு ஞாபகம் இருக்கும். நாலு பசங்க ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பாங்க. ஒருத்தன் கதை சொல்வான், இன்னொருத்தன் பகடையை உருட்டுவான், மற்ற ரெண்டு பேரும் கத்துவாங்க. அந்த விளையாட்டின் பெயர்தான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சுருக்கமா டி அண்ட் டி.

தொடரைப் பார்த்த ஆர்வத்தில் பகடை வாங்குபவர்கள் உண்டு. விதிப் புத்தகம் வாங்குபவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பகடை பெரும்பாலும் அலமாரியில்தான் தூங்குகிறது. காரணம் ரொம்ப சிம்பிள். கூட உட்கார்ந்து ஆட ஆள் இல்லை. திருவான்மியூர், அடையாறு, மயிலாப்பூர் பக்கம் அப்படி ஒரு குழுவை எப்படிச் சேர்ப்பது, சேர்ந்த பிறகு அது மூணாவது வாரமே கலையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், இது என்ன விளையாட்டு?

'டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்' என்பது இந்த வகைக்குப் பொதுப் பெயர். மேஜையில் போர்டு, காய்கள் கட்டாயம் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். அவர் பெயர் கேம் மாஸ்டர். டி அண்ட் டி-யில் டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். மற்ற ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரம். 'என்ன செய்யப்போறீங்க?' என்று மாஸ்டர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள். அது நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும்.

தெருக்கூத்து பார்த்திருந்தால் கட்டியங்காரனைத் தெரியும். கதையை அறிமுகம் செய்வார், ராஜாவையே நிறுத்திக் கேள்வி கேட்பார், நடுவில் கிண்டலும் அடிப்பார். கேம் மாஸ்டர் கிட்டத்தட்ட அந்த வேலைதான். ஒரே வித்தியாசம், இங்கே ராஜாவாக வருபவர் அடுத்து என்ன செய்வார் என்பது கட்டியங்காரனுக்கும் தெரியாது.

ஒரு உதாரணம் பார்ப்போம்.

மாஸ்டர்: 'ராத்திரி பதினோரு மணி. கடற்கரையில் ஒரு படகு தனியா நிக்குது. உள்ளே யாரோ முனகுற சத்தம்.'

வைத்தியராக ஆடுபவர்: 'நான் விளக்கை அணைச்சிட்டு சத்தமில்லாம கிட்ட போறேன்.'

மாஸ்டர்: 'உருட்டுங்க. பதினஞ்சு வேணும்.'

இப்போது 20 முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். வரும் எண்ணோடு அந்தக் கதாபாத்திரத்தின் திறமைப் புள்ளியைக் கூட்ட வேண்டும். திறமை 3 என்றால், பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது 20-ல் 9 வாய்ப்பு, 45 சதவீதம். விழாவிட்டால் காலடியில் சிப்பி நொறுங்கும், படகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். கதை வேறு பக்கம் போகும்.

எங்கள் டெஸ்க்கில் இதைச் சொன்னபோது வந்த முதல் கேள்வி: 'அப்போ யாரு ஜெயிப்பா?' யாரும் ஜெயிக்க மாட்டார்கள். எல்லோரும் ஒரே கட்சி. கதை நல்லா வந்தால் அதுவே போதும்.

எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர். அங்கே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய டி அண்ட் டி 1974-ல் வெளியானது. முதல் பதிப்பு 1,000 பிரதிகள்தான். அந்த நிறுவனத்தின் பெயர் டி.எஸ்.ஆர். 1997-ல் அதை விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999-ல் விசர்ட்ஸை பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கியது.

1980-களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டின் மீது பெரிய பயம் கிளம்பியது. பிள்ளைகளைக் கெடுக்கிறது, சாத்தான் வழிபாடு என்றெல்லாம் பேசினார்கள். அந்தக் குற்றச்சாட்டுகள் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. நம் ஊர் அம்மா அப்பா வேறு மாதிரி பயப்படுவார்கள், அதற்குப் பிறகு வருவோம்.

'ஆர்கனைஸ்டு பிளே' என்றால்?

தெரு கிரிக்கெட்டுக்கும் லீக் கிரிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். நண்பர்கள் வீட்டில் ஆடினால் உங்கள் கதாபாத்திரம் அந்த வீட்டு மேஜையோடு சரி. ஆர்கனைஸ்டு பிளே-யில் எல்லா மேஜைக்கும் ஒரே விதி. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் உங்கள் கதாபாத்திரம் என்ன சம்பாதித்தது, எந்த லெவலுக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதி வைப்பார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பெங்களூருவிலோ சிகாகோவிலோ இன்னொரு மேஜையில் உட்கார்ந்தாலும் அதே ஆளாகவே ஆடலாம்.

டி.எஸ்.ஆர் நிறுவனம் இதற்காக 1980-லேயே ஒரு சங்கம் தொடங்கியது. பிறகு 2000 முதல் 2008 வரை 'லிவிங் கிரேஹாக்' என்ற பெரிய முயற்சி நடந்தது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. கற்பனை உலகத்தின் நாடுகளை நிஜ உலகத்தின் பகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் பகுதிக்கு ஒரு கற்பனை நாடு. அந்த நாட்டில் நடக்கும் கதைகளை உங்கள் ஊர் தன்னார்வலர்களே எழுதுவார்கள். வேறு ஊர்க்காரர் உங்கள் நாட்டுக் கதை ஆட வேண்டுமென்றால் உங்கள் ஊருக்கு வர வேண்டும்.

இப்போது நடப்பில் இருப்பது 2014-ல் தொடங்கிய 'அட்வென்ச்சரர்ஸ் லீக்'. போட்டி விளையாட்டான பாத்ஃபைண்டருக்கு 2008 முதல் 'பாத்ஃபைண்டர் சொசைட்டி' இருக்கிறது. அட்வென்ச்சரர்ஸ் லீக்கில் ஒரு மேஜைக்கு மாஸ்டர் தவிர 3 முதல் 7 பேர். ஒரு கதை பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில் முடியும்.

உள்ளூர்க் குழு இந்த லீக்குகளில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர்கள் கற்றுக்கொண்ட பாடத்தைக் கடன் வாங்கலாம்.

குழுக்கள் ஏன் கலைகின்றன? ஒரு சின்னக் கணக்கு

ஐந்து பேர் சேர்ந்து 'ஒவ்வொரு ஞாயிறும் ஆடுவோம், எல்லாரும் வந்தாத்தான் ஆட்டம்' என்று முடிவெடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் நல்ல பொறுப்பானவர்கள், பத்து ஞாயிறில் எட்டு ஞாயிறு வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரும் ஒரே நாளில் வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? 0.8-ஐ ஐந்து முறை பெருக்குங்கள். 33 சதவீதம்தான் வரும். மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் ஆட்டம். மற்ற ரெண்டு வாரம் வாட்ஸ்அப்பில் 'சாரி மச்சி, ரிலீஸ் இருக்கு'.

இப்போது விதியை மாற்றுவோம். 'ஐந்தில் மூணு பேர் வந்தாலே ஆட்டம் உண்டு.' வாய்ப்பு 94 சதவீதம் ஆகிவிடும். அதே ஆட்கள், அதே டைடல் பார்க் வேலை, அதே ஓ.எம்.ஆர் டிராஃபிக். விதி மட்டும்தான் மாறியது.

ஒவ்வொரு கதையும் அன்றைக்கே முடிந்துவிட வேண்டும், வந்தவர்களை வைத்து ஆட வேண்டும், கணக்குத் தாளை அவரவர் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்கனைஸ்டு பிளே-யின் ரகசியமே இதுதான். பென் ராபின்ஸ் என்பவர் நடத்திய 'வெஸ்ட் மார்ச்சஸ்' என்ற முறையும் இதே வழிதான். அதில் நிரந்தரக் குழு கிடையாது, நிரந்தர நாள் கிடையாது. எந்த நாள், யார் யார், எந்தப் பக்கம் போகிறோம் என்பதை ஆடுபவர்களே பேசி வைத்து மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் இருக்கும் குழுவுக்கு இது நல்லா ஒத்துவரும்.

சென்னைக்கு இது புதுசா?

ரோல்பிளேயிங் வேண்டுமானால் புதுசா இருக்கலாம். மேஜையைச் சுற்றி ஒரு ஊரையே வளர்ப்பது இங்கே பழைய கதை.

1972-ல் மெட்ராஸில், சோவியத் கலாசார மையத்தில் ஒரு செஸ் கிளப் ஆரம்பிக்கப்பட்டது. முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தால் பெயரைத்தான் வைத்தார்கள். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன் அதன் உயிர்நாடி. அங்கே சோவியத் புத்தகங்கள் கிடைத்தன, செஸ் போர்டுகள் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக ஆட ஆள் கிடைத்தது. மின்னல் வேக ஆட்டத்தில் ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அந்த வரிசையில் நின்ற சிறுவர்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

இன்றைக்குத் தமிழ்நாடு செஸ்ஸில் எங்கே நிற்கிறது என்று சொல்லத் தேவையில்லை. அந்த கிளப்பில் இருந்தவை எவை என்று பாருங்கள். மாறாத ஒரு இடம், யாருக்கும் புரியும் ஒரு விதி, புதுசாக வருபவரை உட்கார வைக்கும் ஒரு பெரியவர். பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், தாயம் எல்லாம் வீட்டுத் திண்ணையில் உயிரோடு இருந்ததற்கும் இதேதான் காரணம். திண்ணை போனது, ஆட்டமும் போனது.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

*ஆட்கள்.* முதல் நாளே 20 பேரைக் கூப்பிடாதீர்கள். ஒரு மாஸ்டர், நாலு பேர் போதும். ஒரே நாளில் முடியும் கதையாக எடுங்கள். கதாபாத்திரங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக் கையில் கொடுங்கள். புதுசாக வருபவரிடம் 'முதல்ல இந்த 300 பக்கத்தைப் படிச்சிட்டு வாங்க' என்றால் அவர் திரும்பி வர மாட்டார்.

*இரண்டாவது மாஸ்டர்.* நான் படித்துப் பார்த்ததிலும், ஆடுபவர்களிடம் கேட்டதிலும் எல்லோரும் அடித்துச் சொல்லும் விஷயம் இதுதான். குழு சாவது ஆடுபவர்கள் இல்லாமல் அல்ல, மாஸ்டர் களைத்துப் போவதால். மூணு மணி நேர ஆட்டத்துக்கு அவர்தான் தயார் செய்ய வேண்டும், அவர்தான் எல்லோருக்கும் போன் போட வேண்டும், பல நேரம் அவர் வீடுதான் இடம். ஆறு மாதத்தில் வெறுத்துவிடும். அதனால் இரண்டாவது மேஜை போடுவதற்கு முன்பே இரண்டாவது மாஸ்டரைத் தயார் செய்யுங்கள். நாலு வாரத்தில் ஒரு வாரம் அவர் ஆடட்டும், வேறொருவர் நடத்தட்டும். டீ செலவில் மாஸ்டருக்குப் பங்கு கிடையாது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாலே அவருக்கு ஒரு மரியாதை.

*இடம்.* திருவான்மியூர் என்றவுடன் எல்லோருக்கும் தோன்றுவது பீச். வேண்டாம். தாள் பறக்கும், பகடை மணலில் போகும், ஆறரைக்கு மேல் எண் தெரியாது. ஃபிளாட்டின் பொது ஹால் நல்ல தேர்வு. அசோசியேஷனில் முன்கூட்டியே சொல்லி, எத்தனை மணிக்கு முடியும் என்றும் சொல்லிவிடுங்கள். கஃபே என்றால் கூட்டமில்லாத நேரம் எது என்று உரிமையாளரிடமே கேளுங்கள். ஆறு பேர் நாலு மணி நேரம் உட்கார்ந்து ரெண்டு காபி மட்டும் சொன்னால் அடுத்த வாரம் அங்கே இடம் இருக்காது. பேச்சிலர் வீடு என்றால் ஹவுஸ் ஓனர் பிரச்னை வரும், அதை நான் விளக்கத் தேவையில்லை.

*செலவு.* இதுதான் நல்ல செய்தி. டி அண்ட் டி-யின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏழு பகடைகள் கொண்ட ஒரு செட் சில நூறு ரூபாய். அதுவும் வேண்டாமென்றால் போனில் இலவச ஆப் இருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. 1979 வாக்கில் அமெரிக்காவிலேயே பகடைக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது டி.எஸ்.ஆர் தன் பெட்டியில் பகடைக்குப் பதிலாக எண் அச்சடித்த அட்டைச் சீட்டுகளை வைத்து விற்றது. கப்பில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டியதுதான். நம் வீட்டு சீட்டுக் குலுக்கல்!

தமிழில் ஆடலாமா?

தாராளமா. இதில் சட்டரீதியாகவும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2023 ஜனவரியில் விசர்ட்ஸ் நிறுவனம், மற்றவர்கள் தன் விதிகளைப் பயன்படுத்தும் உரிமத்தை மாற்றப் பார்த்தது. உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். நிறுவனம் பின்வாங்கியது. அதோடு நிற்காமல், 5.1 என்ற எண் கொண்ட அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அதன் பொருள்: எங்கிருந்து எடுத்தீர்கள் என்று முறைப்படி குறிப்பிட்டால் போதும், அந்தத் தொகுப்பை மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

பி.ஏ. தமிழ் படித்த பாவத்துக்கு நானும் சில சொற்களை முயன்று பார்த்தேன். 'ஹிட் பாயின்ட்ஸ்' என்பதை உயிர்ப்புள்ளி எனலாம். 'ஆர்மர் கிளாஸ்' கவச எண் ஆகலாம். 'சேவிங் த்ரோ'வுக்கு 'தப்பிப்பு உருட்டல்' என்றேன், டெஸ்க்கில் சிரித்துவிட்டார்கள். மேஜையில் எப்படியும் 'டேய், ஹெச்.பி எவ்ளோ இருக்கு?' என்றுதான் கேட்பார்கள். அதில் தப்பே இல்லை. முக்கியமானது கதை தமிழில் நடப்பது. ஆங்கிலத்தில் கூச்சப்பட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர், தமிழில் பேசலாம் என்று தெரிந்ததும் மொத்த மேஜையையும் கையில் எடுத்துவிடுவார்.

கதைக்கும் பஞ்சமில்லை. விக்கிரமாதித்தன் வேதாளம் ஒவ்வொரு கதையும் ஒரு சாயந்தர ஆட்டத்துக்குச் சரியான அளவு. இந்தியப் பின்னணி கதைகள் சர்வதேச அளவிலும் வந்துவிட்டன. கொல்கத்தாவைச் சேர்ந்த எழுத்தாளர் மிமி மோண்டல் எழுதிய ஒரு சாகசக் கதை, 2022-ல் டி அண்ட் டி-யின் அதிகாரபூர்வப் புத்தகமான 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்'-ல் இடம்பெற்றது. போதாததற்கு, திருவான்மியூரின் பெயரே வால்மீகியிலிருந்து வந்தது என்பது ஊர் ஐதீகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவருக்குக் கோயிலும் உண்டு. கதை சொல்லிக்குக் கோயில் கட்டிய ஊரில் கதைக்கு என்ன குறை?

பெண்கள் வருவார்களா? வந்தால் தங்குவார்களா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகும் குழுக்கள் பெரும்பாலும் ஆண்கள் மட்டும் இருக்கும் குழுக்களாகவே முடியும். முகம் தெரியாதவர்கள் முதல் முறை சந்திப்பது பொது இடமாக இருக்கட்டும், யார் வீட்டிலும் வேண்டாம். முடியும் நேரத்தை அழைப்பிலேயே எழுதுங்கள், அந்த நேரத்துக்கு முடியுங்கள். குழு நம்பரில் இருந்து எண்ணை எடுத்துத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மீறினால் வெளியே அனுப்பும் அதிகாரம் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது.

கதைக்குள்ளும் எல்லை வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து, எது வரலாம், எது வரவே கூடாது என்று பேசுவதை 'செஷன் ஜீரோ' என்பார்கள். பாலியல் வன்முறை, தற்கொலை போன்றவை சிலருக்குக் கதையாக இருக்காது. நம் ஊரில் இன்னொன்றையும் சேர்த்துப் பேச வேண்டும்: சாதி. ராஜா காலத்துக் கதை என்று ஆரம்பித்தால், யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்ற இடத்தில் அது நேராக வந்து நிற்கும். சாமி பெயர்களும் அப்படித்தான். முன்கூட்டியே பேசாவிட்டால் மேஜையில் ஒருவர் மட்டும் அமைதியாகிவிடுவார், அடுத்த வாரம் வரமாட்டார். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

ஆட்டத்தின் நடுவில் சங்கடம் வந்தால்? ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் என்பவர் பரப்பிய 'எக்ஸ் கார்டு' முறை எளிமையானது. மேஜை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டை. யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நின்றுவிடும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

'பகடையா? சூதாட்டமா?'

இதுதான் நம் ஊர் பெற்றோரின் பயம். மகாபாரதம் தெரிந்த வீட்டில் பகடை என்றாலே தருமரின் ஞாபகம் வரும். சூதாட்டம் என்பதன் மையம் பந்தயப் பணம். இதில் பணம் வைப்பதில்லை, ஜெயிப்பவரே இல்லாத ஆட்டத்தில் பணம் வைக்கவும் முடியாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்வது, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை. நாலு பேர் ஹாலில் உட்கார்ந்து கதை பேசுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹால் வாடகையைப் பிரித்துக்கொள்வது வேறு, பரிசுப் பணம் வைப்பது வேறு. இரண்டாவது பக்கம் போகாதீர்கள். 18 வயதுக்குக் கீழே யாராவது வந்தால் பெற்றோரையும் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வேலைக்காகச் சென்னை வந்து, தரமணியில் ஆபீஸ், திருவான்மியூரில் ரூம், சாப்பாட்டுக்கு ஆப் என்று இருப்பவர்களுக்கு இந்த எண்ணை விளக்கத் தேவையில்லை. காலேஜ் முடிந்த பிறகு புது நண்பர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்கே தெரியும். வாரம் ஒருமுறை அதே ஆறு முகம், போனைக் கீழே வைத்துவிட்டு மூணு மணி நேரம்.

நாள் குறிக்கும்போது

ஞாயிறு மதியம் 3 முதல் 6.30 வரை நல்ல நேரம். மயிலாப்பூர், மந்தைவெளி, கோட்டூர்புரத்திலிருந்து வருபவர்களுக்குப் பறக்கும் ரயில் நேராகத் திருவான்மியூரில் இறக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை வண்டி நேரத்தை மட்டும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காக மாதத்தில் ஒரு நாளை விட்டே திட்டமிடுங்கள். மார்கழியில் மயிலாப்பூர்க்காரர்கள் சபா கேன்டீன் பக்கம் போய்விடுவார்கள், அந்த மாதம் மூணு பேர் வந்தாலே பெரிசு. மூணு பேர் வந்தால் ஆட்டம் உண்டு என்பதுதான் விதி, ஞாபகம் இருக்கட்டும்.